மகளும் நானும் ஒரே வகுப்பில்

மட்டாஞ்சேரியில் மிளகு சுத்தம் செய்யும் கிடங்கு ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் மெஷின் ஓட்டியவன் நான். தென்காசிப் பக்கத்திலிருந்து பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு கொச்சிக்கு வந்து மூட்டை தூக்குவதில் தொடங்கினேன். பிறகு சல்லடை, தூசி இழுக்கும் காற்றாடி, கல் பிரிக்கும் மெஷின், கழுவும் தொட்டி என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. கடைசியில் அந்த வரிசை முழுவதையும் பார்த்துக்கொள்ளும் ஆளாக இருந்தேன். முதலாளி இறந்த பிறகு அவருடைய மகன்கள் கிடங்கை விடுதியாக மாற்றிவிட்டார்கள். இப்போது வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்து காப்பி குடிக்கும் இடத்தில்தான் என் கழுவும் தொட்டி இருந்தது.

மூத்த மகன் நல்லவர். என்னைக் கூப்பிட்டு, வேண்டுமானால் வாசலில் செக்யூரிட்டியாக நிற்கலாம் என்றார். நீலச் சட்டை, தொப்பி, கார் வந்தால் கதவைத் திறந்துவிட வேண்டும். என்னோடு மூட்டை தூக்கியவர்கள் தினமும் நடந்து போகிற தெரு அது. நாற்பத்தாறு வயதில் அங்கே தொப்பி போட்டுக்கொண்டு நிற்கக் கூசிப்போய் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மகளும் அப்போது வீட்டில்தான் இருந்தாள். பாலிடெக்னிக்கில் கெமிக்கல் டிப்ளமா, நல்ல மார்க். ஒரு வருடமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தாள். சுள்ளிக்கலில் ஒரு ஹோட்டல் அடுக்களையில் வேலை பார்க்கும் என் மனைவி காலையிலேயே கிளம்பிவிடுவாள். அவள் போன பிறகு இரண்டே அறை உள்ள வீட்டில் நானும் மகளும் மட்டும். நான் முன்னறையில் இருந்தால் அவள் உள்ளே இருப்பாள். அவள் முன்னால் வந்தால் நான் பால் வாங்கப் போவேன். சும்மா இருக்கிற ஒரு ஆள் சும்மா இருக்கிற இன்னொரு ஆளைப் பார்ப்பது அவ்வளவு சங்கடமாக இருந்தது.

கலூரில் ஒரு பயிற்சி நிலையம் இருப்பதை அவள்தான் போனில் பார்த்துக் கண்டுபிடித்தாள். நிலக்கரியைக் கழுவித் தரம் பிரிக்கும் ஆலைகளை இயக்குவதற்கான பயிற்சி. வடக்கே சுரங்கங்களை ஒட்டி அப்படிப்பட்ட ஆலைகள் நிறைய உண்டாம். பயிற்சி முடிந்ததும் கம்பெனிக்காரர்களே நேரில் வந்து ஆள் எடுப்பார்களாம். பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றதால் நானும் கூடப் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கீழே பேக்கரி, மேலே இரண்டு மாடி. சேர்க்கை மேசையில் இருந்த பெண் மகளுடைய சான்றிதழ்களைப் பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். சேட்டனுக்கு என்ன வேலை என்று மலையாளத்தில் கேட்டாள். வேலை இல்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. மிளகு சுத்தம் செய்கிற பிளான்ட் ஓட்டினேன், சல்லடை, கல் பிரிப்பது, கழுவுவது எல்லாம் தெரியும் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிட்டேன். அவள் முகம் மலர்ந்தது.

"அப்போ சேட்டனும் கூடச் சேர்ந்நூடே?" என்றாள். நீங்களும் கூடவே சேரலாமே என்கிறாள். இதுவும் அதே மாதிரி வேலைதான், பிளான்ட் அனுபவம் உள்ளவர்களைக் கம்பெனிகள் விரும்பும், வயது தடை இல்லை.

மகளைப் பார்த்தேன். அவள் மேசை மேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுந்திருப்பேன். இரண்டு பேருமே சேர்ந்தோம்.

திரும்பும்போது எர்ணாகுளம் படகுத்துறையில் போட் ஏறினோம். மட்டாஞ்சேரி ஜெட்டி கண்ணில் பட்ட பிறகுதான் மகள் வாயைத் திறந்தாள். கொச்சியில் வளர்ந்தவள், அவள் தமிழில் பாதி மலையாளம்; விஷமம் என்றால் அவளுக்கு வருத்தம்.

"அப்பா, ஒரு காரியம் சொன்னா விஷமப்படக் கூடாது."

"சொல்லு."

"நம்ம அப்பா, மகள்னு கிளாஸ்ல யார்கிட்டயும் பறைய வேண்டாம். அங்க எல்லாம் எங்க வயசுப் பிள்ளைங்க. பின்னே களியாக்குவாங்க."

கேலி செய்வார்கள் என்கிறாள். என்னைக் கேலி செய்வார்கள் என்றா, அவளையா என்று நான் கேட்கவில்லை.

"சரி" என்றேன்.

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு என்ன? ஒண்ணும் இல்ல."

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் வீட்டிலிருந்து சேர்ந்து கிளம்புவோம். ஜெட்டிக்குத் திரும்பும் முனையில் அவள் நடையைக் கூட்டுவாள், நான் குறைப்பேன். போட்டில் அவள் முன்பக்கம் ஏறினால் நான் பின்பக்கம். எர்ணாகுளத்தில் இறங்கி அவள் ஒரு பஸ்ஸில் போவாள், நான் அடுத்ததில் போவேன். வகுப்பில் அவள் முன்வரிசை, நான் கடைசி வரிசையில் ஜன்னல் ஓரம். அவள் இனிஷியல் என் பெயரின் முதல் எழுத்து. ஒற்றை எழுத்துதானே, யாரும் கவனிக்கவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில்தான் மாட்டிக்கொள்ளப் பார்த்தோம். முதல் நாளே மனைவி இரண்டு டப்பாவிலும் பீர்க்கங்காய்க் கூட்டும் தேங்காய்த் துவையலும் வைத்திருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, "நோக்கு, சேட்டன்டெ கறியும் நின்டெ கறியும் ஒண்ணு" என்றாள். மகள் முகத்தில் ரத்தம் ஏறியது. தமிழர் வீட்டில் எல்லாம் ஒரே கறிதான் என்று அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். மறுநாளிலிருந்து நான் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படித் திருப்பத்துக்குப் போய்விடுவேன். அங்கே ஒரு ஜன்னல் உண்டு. பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடி நின்றுகொண்டே சாப்பிட்டேன். நின்று சாப்பிட்டால் சாம்பார் சட்டையில் சிந்தும். "கிளாஸ்ல பெஞ்ச் இல்லையா? சின்னப் பிள்ளை மாதிரி சட்டையில சிந்திட்டு வர்றீங்க" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். எங்கள் ஏற்பாடு அவளுக்குத் தெரியாது. மகள் டக்கென்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

எங்கள் பயிற்சியாளர் வடக்கே ஒரு நிலக்கரி ஆலையில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்று வந்த மலையாளி. கண்டிப்பானவர், ஆனால் மனதில் வஞ்சம் வைக்காதவர். பாடம் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் ஓடும். எனக்காக மட்டும் நடுவில் நிறுத்தி, அவருக்குத் தெரிந்த தமிழில் ஒரு வாக்கியம் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தின்போது மொத்த வகுப்பும் திரும்பி என்னைப் பார்க்கும். அவர் எனக்கு உபகாரம்தான் செய்தார். ஆனால் அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் குனிந்து ஷூ லேஸைச் சரிசெய்ய ஆரம்பித்துவிடுவேன்.

ஒருமுறை பலகையில் எழுதியதை வாசிக்கச் சொன்னார். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். நான் பாதி வரியில் திணறியபோது பக்கத்திலிருந்து ஒரு பையன் மீதி வரியைக் கடகடவென்று படித்து முடித்தான். கெட்ட எண்ணத்தில் அல்ல, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது அவனுக்கு. முன்வரிசையில் மகளுடைய பின்னல் அசையாமல் இருந்தது.

ஆனால் பாடம் எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பூமியிலிருந்து எடுக்கிற நிலக்கரியில் கல்லும் களிமண்ணும் கலந்திருக்கும். எரித்தால் அதெல்லாம் சாம்பலாக மிஞ்சும். சாம்பல் கூடினால் கரியின் மதிப்பு குறைந்துவிடும். அதனால் உடைத்து, சலித்து, கனமான திரவத்தில் போட்டுக் கரியையும் கல்லையும் பிரிக்கிறார்கள். கேட்கக் கேட்க இதெல்லாம் எனக்குத் தெரிந்த வேலைதானே என்று உள்ளுக்குள் ஒரு தைரியம் வந்தது. அந்தத் தைரியம்தான் என்னைக் கவிழ்த்தது.

செய்முறை நாளன்று லேபில் கண்ணாடி ஜாடிகளில் ஒரு ரசாயனக் கரைசல் வைத்திருந்தார்கள். தண்ணீரைவிடக் கனமானது, கையில் பட்டால் எரியும். பொடித்த நிலக்கரியை அதில் போட்டால் ஒரு பங்கு மிதக்கும், ஒரு பங்கு அடியில் இறங்கும். இரண்டையும் தனித்தனியாக எடுத்துக் காயவைத்து, அடுப்பில் எரித்துச் சாம்பலை நிறுக்க வேண்டும். அந்த மாதிரிக் கரியைப் பயிற்சியாளர் வடக்கிலிருந்து யாரிடமோ சொல்லி வரவழைத்திருந்தார். அந்த ஒரு பையை வைத்துத்தான் மொத்த வகுப்பும் கணக்குப் போட வேண்டும்.

"ஆரு செய்யும்?" என்று கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன். சேர்ந்த நாளிலிருந்து நான் தானாக எழுந்தது அன்றுதான்.

கையுறை மாட்டிக்கொண்டேன். கரியைப் போட்டேன், கலக்கினேன், அடங்கும்வரை நின்றேன். மேலே கறுப்பாக ஒரு படலம் மிதந்தது. வலைக்கரண்டியால் அதை ஒரு துணுக்கு விடாமல் வழித்தெடுத்து, பக்கத்தில் சேறும் கழிவுநீருமாக இருந்த வாளியில் உதறினேன். திரும்பத் திரும்ப, ஜாடி ஜாடியாக. பிறகு அடியில் இறங்கியதைப் பக்குவமாக எடுத்துத் தட்டில் பரப்பி, நல்ல சரக்கு என்று எழுதிய அட்டையை அதன் மேல் வைத்தேன். கை தானாகவே ஓடியது. இருபது வருடம் பழகிய கை.

பயிற்சியாளர் போன் பேச வெளியே போயிருந்தார். திரும்பி வந்து தட்டைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

"சேட்டா, மிதந்நது எவிடே?"

வாளியைக் காட்டினேன்.

"அது ஏன் அங்க போட்டு?" என்று தமிழில் கேட்டார்.

"மிதக்கிறது பொக்குதானே சார். உள்ளே ஒண்ணும் இருக்காது. அடியில நிக்கிறதுதான் நல்லது."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. மிளகில் அப்படித்தான். தொட்டியில் மிதப்பது சொத்தை, அடியில் தங்குவது மணி. ஆனால் நிலக்கரியில் மிதப்பதுதான் நல்ல கரி. அடியில் இறங்குவது கல். நான் கரியை எல்லாம் கழிவு வாளியில் உதறிவிட்டுக் கல்லைத் தட்டில் அடுக்கி அதற்கு அட்டை வைத்திருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு பையன், "சேட்டா, இது குருமுளகு அல்ல, கல்க்கரியா" என்றான்; மிளகு இல்லை, நிலக்கரி என்று. வகுப்பு முழுவதும் சிரித்தது. பயிற்சியாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, பரவாயில்லை என்கிற அர்த்தத்தில் சாரமில்லை, சாரமில்லை என்று என் தோளைத் தட்டினார். நான் மகள் இருந்த பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்துவிட்டேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைக் கையால் பொத்தியிருந்தாள், தோள் குலுங்கியது. என் கண்ணைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

காது இரண்டும் சுட்டன. கையுறையைக் கழற்ற வரவில்லை, வியர்வையில் ஒட்டிக்கொண்டது. விரல் விரலாக நான் அதை இழுப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு கரி வந்து சேரும்வரை அந்தச் செய்முறை தள்ளிப்போனது. அன்றிலிருந்து வகுப்பில் என் பெயர் குருமுளகுச் சேட்டன்.

சாயங்காலம் போட்டில் அவள் முன்பக்கம் ஏறவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள், அதையும் நான் கவனித்தேன்.

"அப்பா, எனக்கு அறியாம சிரிச்சுப்போச்சு."

"சிரிக்க வேண்டிய விஷயம்தானே. எனக்கே சிரிப்பு வந்தது."

எனக்கு வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வல்லார்பாடம் பக்கத்திலிருந்து ஒரு பெரிய கப்பல் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அது போகும்வரை இருவரும் அதையே பார்த்தோம்.

அன்றிரவு சாப்பாட்டுக்கு முன்னால் பாடக் குறிப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "மொத மிளக மறக்கணும் அப்பா. மிளக வச்சு இத யோசிக்கக் கூடாது" என்றாள். அதன் பிறகு தினமும் அப்படி உட்கார்ந்தாள். கனமான திரவம் ஏன் காந்தத் தூளால் செய்யப்படுகிறது, அதன் அடர்த்தி ஏறினால் என்ன ஆகும், இறங்கினால் என்ன ஆகும், தூள் கரியை நுரையில் ஒட்டவைத்து எப்படி மேலே கொண்டுவருகிறார்கள், எல்லாம் அவள் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. நான் தப்பாகச் சொன்னால் "ஐயோ அப்பா" என்று தலையில் அடித்துக்கொள்வாள். மனைவி அடுக்களையிலிருந்து பார்த்துச் சிரிப்பாள். ஆனால் காலையில் ஜெட்டி முனை வந்ததும் அவள் நடையைக் கூட்டுவாள், நான் குறைப்பேன்.

பயிற்சி நிலையக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் சின்ன அளவில் ஒரு மாதிரி ஆலை வைத்திருந்தார்கள். கரி ஏறிப்போகும் ஒரு பெல்ட், குலுங்கும் சல்லடை, கழுவும் டிரம். அங்கே போகும்போது எல்லோரும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிவிட வேண்டும் என்பது சட்டம். நான் கழற்றிப் பையில் வைப்பதற்குப் பதிலாகச் சட்டைக்குள் செருகிக்கொள்வேன். அந்த அட்டை எனக்குக் கூச்சம், எப்போதும் அப்படி ஒளித்து வைத்தே பழக்கம். பள்ளிக்கூடப் பையன் மாதிரி போட்டோவும் நாடாவும்.

பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் உருளையில் ஏதோ கரகரவென்று சத்தம் வந்தது. என்னவென்று பார்க்கக் குனிந்தேன். அட்டை சட்டையிலிருந்து நழுவி வெளியே விழுந்தது எனக்குத் தெரியவில்லை. நாடா உருளையில் சிக்கிக் கழுத்தை வெடுக்கென்று கீழே இழுத்தபோதுதான் தெரிந்தது.

"அப்பா!"

அந்தக் கொட்டகையே அதிர்கிற மாதிரி ஒரு கத்தல். கூடவே பெல்ட் நின்றது. ஓரத்தில் ஓடும் நிறுத்துக் கயிற்றை அவள்தான் பாய்ந்து இழுத்திருந்தாள். நாடா அறுந்து நான் பின்னால் விழுந்தேன். கழுத்தைச் சுற்றி எரிந்தது, வேறு ஒன்றும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னும் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"அச்சனாணோ?" அப்பாவா என்று பக்கத்தில் இருந்த பெண் மெதுவாகக் கேட்டாள்.

"ம். என்டெ அச்சனா" என்றாள் மகள். சொல்லிவிட்டுக் கயிற்றை விட்டாள். நேராக வெளியே போய்க் குழாயடியில் நின்று முகம் கழுவினாள். அவள் போக எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.

உயிர் பிழைத்ததைப் பற்றி நினைக்க வேண்டிய நேரத்தில், இத்தனை நாள் அவள் கட்டிக்காத்ததை உடைத்துவிட்டேனே என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் மறைத்தது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மறைக்க நான் உடன்பட்டதும் தெரிந்துவிட்டது. மறுநாள் முதல் அந்தப் பிள்ளைகள் எனக்கு ரொம்ப மரியாதை கொடுத்தார்கள். குருமுளகுச் சேட்டன் போய் அங்கிள் ஆனேன். நான் படியேறினால் வழிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு பையன் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். அவர்கள் கேலி செய்தபோதுகூட நான் அவ்வளவு குன்றியதில்லை. மகளும் நானும் ஒரே மேசையில் ஒரே கூட்டை வைத்துக்கொண்டு பேசாமல் சாப்பிட்டோம்.

பயிற்சி முடிவில் தேர்வு வைத்தார்கள். அவள்தான் முதல். நான் நடுவில் எங்கேயோ. பிறகு சொன்னபடியே ஒரு கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க ஒருவர் வந்தார். சத்தீஸ்கரில் ஆலை. ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுப் பேசினார். மகள் உள்ளே போனவள் அதிகநேரம் இருந்தாள். வரும்போது சிரித்த முகம். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன் என்றாள்.

கடைசியில் மூன்று பெயரை வாசித்தார்கள். அதில் ஒன்று என் பெயர். அவள் பெயர் இல்லை.

நான் எழுந்து நேராக அந்த ஆள் இருந்த அறைக்குள் போனேன். கதவைச் சாத்தவும் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்த மலையாளத்தில் கேட்டேன், முதலாவதாக வந்த பெண்ணை ஏன் எடுக்கவில்லை என்று. அவர் கோபப்படவில்லை. சைட்டில் பெண்களுக்கு வசதி இல்லை, தங்க இடம் இல்லை, டாய்லெட்கூடத் தனியாக இல்லை, கம்பெனி அனுமதிப்பதில்லை என்றார். மற்றபடி நல்ல பெண், மிக நல்ல பெண்.

"அப்போ எனக்குப் பதிலா அவள எடுத்துக்குங்க சார். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவ சொல்லிக் கொடுத்ததுதான்."

அவர் சிரித்தார். "இது பஸ்ஸிலெ சீட்டு அல்லல்லோ சேட்டா, எழுந்து கொடுக்கான்" என்றார், பஸ் சீட் மாதிரி எழுந்து கொடுத்துவிட முடியாதாம்.

கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர் அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டார். திரும்பினால் மகள் வாசலில் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும்போது அவள் வெடித்தாள். அன்றுதான் முதன்முதலாக ரோட்டில் என்னோடு சேர்ந்து நடந்தாள்.

"உங்ககிட்ட யாரு பறஞ்சா அப்பா, போய்ப் பிச்ச கேக்கச் சொல்லி? எல்லார் முன்னாடியும்?"

"நான் உனக்காகத்தான்..."

"அறியும். எனக்காகத்தான். எனக்கு மார்க் இருந்துச்சு. அது போதாதுன்னு அவங்க சொன்னாங்க, சரி. அதுக்கு மேல நீங்க போய்க் கையக் கட்டிக்கிட்டு நின்னீங்க."

ஆட்டோக்கள் கத்திக்கொண்டு போயின. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும்.

நான் போகமாட்டேன் என்று வீட்டில் சொன்னேன். மகள்தான் சொன்னாள், "போங்க. ரெண்டு பேரும் இங்க இருந்து என்ன செய்ய?" அவளே என் பெட்டியை அடுக்கினாள். கம்பளிச் சட்டை வாங்கி வந்தாள். பாடக் குறிப்புகளில் முக்கியமானவற்றைத் தமிழில் எழுதி வைத்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து சரியாக வராது, மலையாளம்தான் ஓடும். எழுத்துகளைப் போனில் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தாள். ர வரவேண்டிய இடத்தில் ற, ண வரவேண்டிய இடத்தில் ன. ரயிலில் அதை வாசித்தபோது எதிர் சீட்டில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆலை பெரிது. கொட்டகையில் பார்த்ததெல்லாம் பொம்மை. கறுப்புத் தண்ணீர் ஆறு மாதிரி ஓடும். முதலில் மொழி தெரியாமல் திண்டாடினேன், பிறகு பழகிவிட்டது. வேலையில் குறை சொல்ல ஒன்றும் வைக்கவில்லை. மகளுக்குத் தோப்பும்படியில் ஏற்றுமதி இறாலைப் பரிசோதிக்கும் ஒரு லேபில் வேலை கிடைத்தது. பரவாயில்லை அப்பா, ஏசி ரூம் என்றாள். ஆரம்பத்தில் நான் போன் செய்தால் ஆலையைப் பற்றியே கேட்பாள். அடர்த்தி எவ்வளவு வைக்கிறார்கள், காந்தத் தூள் எவ்வளவு வீணாகிறது என்று. எனக்குப் பதில் சொல்லவும் கூசும், சொல்லாமல் இருக்கவும் கூசும். அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அம்மாவுக்குக் கால் வலி, பக்கத்து வீட்டில் கல்யாணம், மழை, இவைதான் பேச்சு.

போன வருடம் ஆலைக்குப் புது மேலாளர் வந்தார். ஒருநாள் காலையில் என்னையும் வெல்டரையும் கூப்பிட்டு, கண்ட்ரோல் ரூமுக்குப் பின்னால் பழைய சல்லடைகள் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்யச் சொன்னார். இரண்டு பெண் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள், அவர்களுக்கு டாய்லெட் வேண்டும். தங்குவதற்கு ஊருக்குள் ஒரு வீடு பார்த்தாகிவிட்டது. தண்ணீர்க் குழாய் அந்தச் சுவர் ஓரமாகவே போய்க்கொண்டிருந்தது. குழாய்க்காரர் வந்து இணைத்தார், கொத்தனார் பீங்கானை வைத்தார். வெல்டர் ஒரு தகரக் கதவை மாட்டினார். உள்பக்கம் கொண்டி வைத்தது நான். சரியாக விழுகிறதா என்று பார்க்க உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சிமெண்ட் ஈரம் இன்னும் காயவில்லை. எந்த வசதி இல்லை என்று சொல்லி என் மகளை வேண்டாம் என்றார்களோ, அந்த வசதிக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். வெல்டர் வெளியிலிருந்து தட்டும்வரை என்னால் திறந்து வெளியே வர முடியவில்லை.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் அவளே போன் செய்தாள், அம்மாவின் மருந்துச் சீட்டைப் பற்றிக் கேட்க. சொல்லிவிட்டேன்.

"இங்க பெண் பிள்ளைங்க ரெண்டு பேரு டிரெய்னிங்குக்கு வராங்க."

அவள் பக்கத்தில் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஹாஸ்டல் கெட்டினாங்களா?"

"இல்ல. ஒரு வீடு எடுத்திருக்காங்க. இங்க ஒரு ரூம ஒழிச்சு, குழாய் போட்டு, தகரக் கதவு வச்சாச்சு. கொண்டி நான்தான் வச்சேன்."

"அத்தறதானா?"

"அவ்வளவுதான்."

வயது இன்னும் இருக்கிறது, நீயும் எழுதிப் போடேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறொன்று கேட்டாள்.

"அப்பா, அந்தக் கதவுக்கு வெளிப்பக்கமும் கொண்டி உண்டா?"

இருந்தது. கதவோடு வந்த பழைய கொண்டி, அப்படியே விட்டிருந்தோம்.

"அத எடுத்திருங்க. எவனாவது தமாஷுக்கு வெளிய பூட்டிட்டுப் போவான். இன்னிக்கே எடுங்க, மறக்கக் கூடாது."

"சரி" என்றேன்.

மருந்தைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டாள். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். திருகாணிகள் துருப்பிடித்துத் திரும்ப மறுத்தன. வெல்டர் வந்து, நல்லாத்தானே இருக்கிறது, எதற்குக் கழற்றுகிறாய் என்று இந்தியில் கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் அதை விளக்க முடியவில்லை. அவர் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்து ஆணிகளில் விட்டார். இருவருமாகச் சேர்ந்து அதைக் கழற்றினோம்.